ஃபால்கன் வயிற்றில் பிறந்த குதிரை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வராத கார் இல்லை. ஃபெராரி வரும், லம்போர்கினி வரும், போர்ஷே வரிசை கட்டி வரும். கோவளத்துக்காரர்களுக்கு அதெல்லாம் பழகிப்போன சங்கதி. சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார்கள், அதோடு சரி. ஆனால் அறுபது வயது ஆன ஒரு ஃபோர்டு மஸ்டாங், கேளம்பாக்கம் ரோடு பிரியும் சந்திப்பில் டீக்கடை ஓரம் ஒதுங்கி நின்றால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். புது வண்டிகளை எட்ட நின்று பார்க்கிறவர்கள் இதைக் கிட்டே வந்து பார்க்கிறார்கள். பானெட்டைத் தடவுகிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, “எந்த வருஷத்து மாடல் சார்?” என்கிறார்கள்.

பழசு என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பழைய கார் என்றால் அம்பாசடர் இருக்கிறது, பத்மினி இருக்கிறது. இந்த வண்டியிடம் ஜனங்கள் தைரியமாக நெருங்குவதற்குக் காரணம் அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மாதச் சம்பளக்காரர்கள் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு சாதாரணக் குடும்பக் காரின் எலும்பையும் நரம்பையும் எடுத்துச் செய்த வண்டி அது. அந்தக் கணக்கு தெரிந்தால்தான் ஒரு பழைய அமெரிக்கக் காருக்காக இங்கே ஒருவர் சொத்தையும் நேரத்தையும் ஏன் கொட்டுகிறார் என்பது புரியும்.

அந்தக் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1957 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி எட்செல் என்ற காரை ஊரெல்லாம் தண்டோரா போட்டு இறக்கியது. முதல் ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரைச் சூட்டிய கார். ஜனங்கள் சீந்தவே இல்லை. 1959 நவம்பரில் தயாரிப்பை நிறுத்தியபோது நஷ்டம் சுமார் 25 கோடி டாலர். எட்செலின் மகன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டுதான் அப்போது கம்பெனியின் தலைவர். அப்பாவின் பெயர் ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டது. புது மாடல் என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருந்தது.

அதே 1959-ன் பிற்பகுதியில் ஃபோர்டு இன்னொரு காரையும் கொண்டுவந்தது. பெயர் ஃபால்கன். அதற்குப் பின்னால் இருந்தவர் ராபர்ட் மெக்னமாரா. பிற்பாடு வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக உலகம் அறிந்த அதே மனிதர். ஃபால்கனில் ஆறு பேர் உட்காரலாம், பெட்ரோல் அதிகம் குடிக்காது, விலை குறைவு, சுலபத்தில் மக்கர் பண்ணாது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. முதல் ஆண்டிலேயே 4,17,174 வண்டிகள் விற்றன. அன்றைக்கு அது சாதனை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960 நவம்பரில் மெக்னமாரா மேலே போக, ஃபோர்டு பிரிவின் பொறுப்பு லீ அயகோக்கா கைக்கு வந்தது. வயது 36. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. இன்ஜினியரிங் படித்துவிட்டு விற்பனைப் பக்கம் தாவியவர். ஆபீசில் பேசினால் சுவருக்கும் காது உண்டு என்று, ஃபோர்டின் ஊரான டியர்பார்னில் ஃபேர்லேன் என்ற விடுதியில் நம்பிக்கையான சிலரைச் சாயங்கால நேரங்களில் கூட்டிப் பேசினார். உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகள் 1964-ல் பதினெட்டைத் தொடப்போகிறார்கள். கல்லூரிக்குப் போகிறவர்கள் கூடுகிறார்கள். பெண்கள் வேலைக்குப் போய்த் தங்கள் சம்பளத்தில் கார் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கென்று ஒரு கார் இல்லையே என்பதுதான் அங்கே நடந்த பேச்சு.

ஸ்போர்ட்ஸ் கார் என்று அமெரிக்காவில் எதுவுமே இல்லாமல் இல்லை. 1953-ல் செவர்லே கம்பெனி கார்வெட்டைக் கொண்டுவந்திருந்தது. முதல் வருடம் ஃபிளின்ட் நகரில் கையால் கட்டிய 300 வண்டிகள். எல்லாம் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு, உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத கார். ஆனால் இரண்டே சீட்டு, விலையும் அதிகம். கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் விற்றுவிட வேண்டியதுதான். ஃபோர்டின் தண்டர்பேர்டும் 1955-ல் இரண்டு சீட்டோடு வந்து, 1958-ல் நாலு சீட்டாகப் பெருத்துப்போனது. பழைய சின்ன வண்டியே வேண்டும் என்று ஜனங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1962 அக்டோபரில் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் தடத்தில் ஃபோர்டு ஒரு மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டியது. அதற்குத்தான் முதலில் மஸ்டாங் என்று பெயர். இரண்டு சீட்டு, இன்ஜின் முதுகுப் பக்கம், தரையோடு தரையாகப் படுத்த உடல். ஓட்டியவர் டான் கர்னி. கார்ப் பைத்தியங்கள் துள்ளிக் குதித்தார்கள். அயகோக்கா கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இதைத் தயாரிக்க முடியாது என்று முடிவு கட்டினார். துள்ளுகிறவர்கள் எத்தனை பேர், காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பது அவருக்குத் தெரியும். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு சீட்டுதான், மஸ்டாங் அந்தச் சாதியில் சேராது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எனக்கு அந்தப் பின் சீட்டுதான் இந்தக் கதையின் உயிர். பிள்ளையையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால்தான் வீட்டில் சம்மதிப்பார்கள். ஆசைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் அத்தனை சமர்த்தாகப் பாலம் போட்ட கார் அதற்கு முன்னால் வரவில்லை.

விற்கப்போகும் வண்டியின் உருவம் அந்த வாட்கின்ஸ் கிளென் ஓட்டத்துக்கு முன்பே, 1962 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஃபோர்டின் டிசைன் குழுக்களுக்கு நடுவே அயகோக்கா போட்டி வைத்தார். களிமண் மாதிரிகளை முற்றத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஜோ ஓரோஸ் குழு செய்தது தேறியது. அந்தக் குழுவில் கேல் ஹால்டர்மன் வரைந்த ஒரு படம்தான் அதற்கு மூலம். நீண்ட பானெட், குட்டையான டிக்கி, இரண்டு பக்கமும் கதவிலிருந்து பின் சக்கரம் வரை உள்வாங்கிப் போகும் ஒரு மடிப்பு, பின்னால் மும்மூன்றாகப் பிரிந்த விளக்கு. நிற்கும்போதே ஓடுகிற தோரணை.

இத்தனைக்கும் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அசையவில்லை. பல முறை வேண்டாம் என்றவர், கடைசியில் செப்டம்பரில் ஒப்புக்கொண்டார். பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து, கால் நீட்ட இன்னும் ஒரு அங்குலம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னதாக அயகோக்காவே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு அங்குலம் என்றால் டிசைனர்களுக்கு வயிற்றெரிச்சல்தான். கொடுத்தார்கள்.

பணம்தான் பெரிய சிக்கல். எட்செலில் சுட்டுக்கொண்ட கம்பெனி, புதிதாக ஒரு காரை அடியிலிருந்து உருவாக்கப் பணம் தராது. எனவே ஃபால்கனைப் பிரித்தார்கள். அதன் அடித்தளம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஆறு சிலிண்டர் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் எடுத்து மேலே புது உடலைப் போர்த்தினார்கள். வீட்டு அரிசி பருப்பை வைத்தே கல்யாணச் சமையல் செய்து காட்டியது போலத்தான். 1965 மாடலின் டாஷ்போர்டைப் பார்த்தவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். வட்டமாக இருக்க வேண்டிய ஸ்பீடோமீட்டர் பட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். நேராக ஃபால்கனிலிருந்து வந்தது. ஐந்து வட்டம் போட்ட அழகான மீட்டர் பலகை எல்லா மஸ்டாங்குக்கும் அடுத்த வருடம்தான் வந்தது. என்னைக் கேட்டால் அந்தப் பட்டை ஸ்பீடோமீட்டர்தான் இந்த வண்டியின் ஜாதகம்.

1964 மார்ச் 9-ம் தேதி டியர்பார்ன் ஆலையில் தயாரிப்பு தொடங்கியது. ஏப்ரல் 16 இரவு அமெரிக்காவின் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் விளம்பரம். மறுநாள், ஏப்ரல் 17, விற்பனை ஆரம்பம். நியூயார்க் உலகக் கண்காட்சியிலும் கார் மேடையேறியது. ஆரம்ப விலை 2,368 டாலர். டாலருக்கு 4 ரூபாய் 76 காசு இருந்த காலம் அது; நம் கணக்கில் 11,000 ரூபாய் சொச்சம். கார்வெட்டுக்கு 4,000 டாலருக்கு மேல் வேண்டும். முதல் நாளில் மட்டும் 22,000 ஆர்டர்கள் குவிந்தன. டைம், நியூஸ்வீக் இரண்டு பத்திரிகைகளும் ஒரே வாரத்தில் அயகோக்காவை அட்டையில் போட்டன. பிளைமவுத் கம்பெனியின் பாரகூடா இதே யோசனையோடு இரண்டு வாரம் முந்திக்கொண்டு வந்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதலில் வாங்கியவர்கள் யார் என்பதில்தான் எனக்கு ருசி அதிகம். விற்பனைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே, சிகாகோவில் ஒரு ஷோரூமில் ஒரு வண்டி கைமாறிவிட்டது. வாங்கியவர் 22 வயதுப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பு டீச்சர். மேற்கூரை திறக்கிற வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வந்தவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், துணி போட்டு மூடியிருந்த வெளிர்நீல மஸ்டாங்கைக் காட்டியிருக்கிறார் விற்பனையாளர். ஓட்டிக்கூடப் பார்க்காமல், 3,400 டாலர் சொச்சத்துக்கு முடித்துக்கொண்டார். அவருடைய ஆண்டுச் சம்பளமே 5,000 டாலர். பிறகு கல்யாணம், நாலு குழந்தைகள், வண்டி பழுதாகிப் பல வருடம் கராஜில் தூசி படிந்து கிடந்தது, கணவர் ஓய்வு பெற்றபின் அதைச் சீர்செய்தது என்று ஒரு முழு வாழ்க்கை அந்தக் காரோடு போயிருக்கிறது. அவர் அதை விற்கவே இல்லை.

ஒரு வருடம் கழிந்து, 1965 ஏப்ரல் 17 அன்று எண்ணிப் பார்த்தபோது விற்ற மஸ்டாங்குகள் 4,18,812. பெற்றவளான ஃபால்கனின் சாதனையைப் பிள்ளை 1,638 வண்டிகளில் தாண்டியிருந்தது. 1966 மார்ச்சில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது.

அந்த 1964-ல் இங்கே என்ன இருந்தது? அம்பாசடர், ஃபியட், நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிறம்கூடக் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட டீச்சரால், நிறம், இன்ஜின், கியர், சீட்டுத் துணி என்று பட்டியலில் டிக் அடித்துத் தனக்கென்று ஒரு காரைச் சொல்லிச் செய்துகொள்ள முடிந்த காலத்தில், இங்கே டாக்டரும் வக்கீலும் கார் வந்துவிட்டதா என்று டீலருக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஃபோர்டு நமக்கு அந்நியமான பெயராகவும் இருக்கவில்லை. 1926-ல் இந்தியாவில் பதிவான ஃபோர்டு கம்பெனி, கனடா ஃபோர்டின் கிளை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்ட நாடு என்பதால் கனடாவிலிருந்து வருவதற்குச் சலுகை இருந்தது. ஸ்டியரிங்கும் நமக்குத் தோதாக வலப்பக்கம் இருக்கும். 1930-ல் சென்னையில் ஃபோர்டு கார்களைப் பூட்டி முடிக்கும் ஆலை வந்தது. பம்பாயும் கல்கத்தாவும் அதற்கு அடுத்த வருடம்தான். போருக்குப் பிறகு பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் வண்டிகளைப் பூட்டியது. கிராமத்தில் எந்தக் காரையும் பிளசர் என்று சொன்ன தலைமுறைக்குப் பிளசர் என்றாலே அமெரிக்க வண்டிதான். கறுப்பு வெள்ளைப் படங்களில் பண்ணையார் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்பதும் அதுதான். 1953-ல் காட்சி மாறியது. இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்றது அரசு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. சொந்தத் தொழில் வளர வேண்டும் என்ற அந்த முடிவில் நியாயம் இருந்ததை நான் மறுக்க மாட்டேன். இந்தத் தொழிலில் இன்று சென்னைக்கு இருக்கிற பெயருக்கு அந்தக் காலத்து உழைப்பும் ஒரு காரணம். ஆனாலும் பதினோரு வருடம் கழித்து மஸ்டாங் பிறந்தபோது நம் கதவு சாத்தியிருந்தது.

சாத்திய கதவின் இடுக்கு வழியாகச் சில வந்தன. தூதரக அதிகாரிகள் தங்கள் உபயோகத்துக்குக் கொண்டுவருவார்கள். ஊர் திரும்பும்போது அது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக ஏலத்துக்கு வரும். சினிமாக்காரர்களும் தொழிலதிபர்களும் எடுப்பார்கள். இம்பாலாக்கள் இப்படித்தான் இங்கே தங்கின. அபூர்வமாக ஒரு மஸ்டாங்கும் வரும். அந்த மஸ்டாங்குகள் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்.

இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை நம் ரோட்டில் ஓட்டுவது தனிக் கலை. முன்னால் ஒரு பஸ் போனால் அதைத் தாண்ட எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பக்கத்துச் சீட்டில் நம்பகமான ஆள் வேண்டும். பெரும்பாலும் மனைவி. கோவளம் சந்திப்பில் ஒருநாள் வெள்ளை நிற 65 மாடல் ஒன்று வந்து நின்றபோது, முதலில் வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்கிய அம்மாவை டிரைவர் என்றே நினைத்துவிட்டார் டீக்கடைக்காரர். கதவு நீளம், கனமும் அதிகம். சாத்தும்போது இரும்புப் பீரோ மூடுகிற சத்தம். உள்ளே வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடித்தது. கிரில்லின் நடுவில் குரோமியக் குதிரை, நம் பார்வைக்கு இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. வலை சுமந்துகொண்டு போன இளைஞர் ஒருவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

“இன்னா வண்டிண்ணே இது? பானெட்டே எங்க போட்டு நீளம் இருக்கு?”

“ஃபோர்டு தம்பி. மஸ்டாங்.”

“ஃபோர்டா? நம்ம மறைமலை நகர் ஃபோர்டா? எங்க மாமா அதுலதாண்ணே வேலை பாத்தாரு. மூடிட்டாங்கல்ல.”

வண்டிக்காரர் பதில் சொல்லாமல் பானெட்டைத் திறந்து காட்டினார். அதற்குமேல் பேச்சு இன்ஜின் பக்கம் போய்விட்டது.

அந்த மாமாவின் கதையும் இந்தக் கதைதான். 1995-ல் மகிந்திராவோடு கைகோத்து ஃபோர்டு திரும்பி வந்தது. மறைமலை நகரில் ஆலை எழுந்தது, 1999-ல் ஐகான் வெளிவந்தது. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் அந்த ஆலை. ஃபிகோ, எக்கோஸ்போர்ட் என்று வரிசையாக வந்தன. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் இங்கே தயாரானவை. மிச்சிகனில் செய்த மஸ்டாங்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் செய்த எக்கோஸ்போர்ட்டும் அமெரிக்க ஷோரூம்களில் ஒரே கூரையின் கீழ் நின்றன. நம் ஐ.டி.ஐ. பிள்ளைகள் போல்ட் முறுக்கிய வண்டியை அங்கே ஒரு டீச்சர் வாங்கி ஓட்டியிருப்பார் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே போனது. அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் பட்டபாட்டை இந்தப் பக்கத்து ஊர்கள் மறக்கவில்லை. 2025-ல் அதே ஆலையில் 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் தயாரிக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

இதற்கு நடுவே, 2016 ஜூலையில் மஸ்டாங் முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. பிறந்து 52 வருடம் கழித்து. ஆறாம் தலைமுறை வண்டிதான் முதன்முதலாக ஆலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்யப்பட்டது. அதனால்தான் வர முடிந்தது. ஐந்து லிட்டர் வி-8 இன்ஜின், விலை 65 லட்சம். டீச்சருக்காகப் பிறந்த கார், இங்கே கோடீஸ்வரர்களின் காராக இறங்கியது. யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. முழு வண்டியாக இறக்குமதி செய்தால் வரி அப்படித்தான் ஏறும். புது மஸ்டாங் நல்ல கார்தான். ஆனால் கோவளம் சந்திப்பில் அதைச் சுற்றி யாரும் கூடுவதில்லை.

பழையதிலும் எல்லோரும் தேடுவது வி-8 வண்டியை. காரல் ஷெல்பி கைவைத்த ஜி.டி. 350, ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான்பிரான்சிஸ்கோ மேடுபள்ளத்தில் பறக்கவிட்ட பச்சை நிற 68 மாடல் என்று கனவு அந்தத் திசையில் போகிறது. அந்தப் பச்சை வண்டி 2020 ஜனவரியில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ பார்த்து வளர்ந்த நம் பையன்களுக்கு அந்தப் படத்தில் வரும் மஸ்டாங்கான எலியனார் மாதிரி வேண்டும். இதற்காக எத்தனையோ நல்ல ஆறு சிலிண்டர் வண்டிகளின் இன்ஜினைக் கழற்றி எறிந்து, உடலை அறுத்து, வேஷம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஆறு சிலிண்டர், மூன்று கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்று வந்த அந்த எளிய வண்டிதான் 2,368 டாலர் மஸ்டாங். கதையை நடத்தியதே அதுதான். கண்டுபிடிப்பதும் சுலபம்: சக்கரத்தில் நாலு நட்டு என்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்தது, ஐந்து என்றால் வி-8.

இங்கே வைத்துக்கொள்ளவும் ஆறு சிலிண்டர்தான் தோது. பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கும். ஒற்றைக் கார்புரேட்டர், காண்டாக்ட் பாயின்ட், கண்டென்சர், ஆறு பிளக். அம்பாசடர் பார்த்த மெக்கானிக் யாராக இருந்தாலும் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். லேப்டாப் செருகிப் பார்க்கத் தேவையில்லை. காதை வைத்துக் கேட்டால் போதும். லட்சக்கணக்கில் விற்ற வண்டி என்பதால் ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பஞ்சமே இல்லை. உடல் முழுவதையும் புதிதாகச் செய்துதரும் கம்பெனிகள் அமெரிக்காவில் உண்டு. சின்னச் சின்ன நட்டு, ஹோஸ், பேரிங் எல்லாம் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அளவு பார்த்துத் தேற்றிவிடலாம். ஒரு பழைய பொருள் நம் கைக்கு அடங்குகிறது, நாமே பிரித்து நாமே மாட்டலாம் என்பதில் இருக்கிற சுகம் 65 லட்சத்தில் கிடைக்காது. சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையில் கிரீஸோடு கிடப்பது அதற்காகத்தான். ஓட்டும்போது மட்டும் ஒன்று: அந்த டிரம் பிரேக் ஒரே லைனில் வேலை செய்வது. மாமல்லபுரம் வரை 60, 70-ல் நிதானமாகப் போகிற வண்டி அது. பக்கத்தில் எவன் சீறிக்கொண்டு போனாலும் போகட்டும்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1950-க்கு முன் செய்த கார்களை மட்டும் இறக்குமதி செய்யலாம் என்று நெடுங்காலம் இருந்த விதியை 2025-ல் தளர்த்தி, ஐம்பது வயது தாண்டிய கார்களைக் கொண்டுவரலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். முதல் தலைமுறை மஸ்டாங் முழுக்க அதில் அடங்கிவிட்டது. ஐம்பது வயதான வண்டிகளுக்கு 2021 முதல் தனிப் பதிவே இருக்கிறது. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் விஏ என்று வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அந்தப் பதிவில் தினசரி ஆபீஸ் போக முடியாது. அணிவகுப்பு, கண்காட்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான். இறக்குமதி வரியோ வண்டி விலையையே விழுங்கும். டீச்சர் சம்பளத்துக்கு இன்னும் எட்டவில்லை. ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. சேமித்து வைத்து ஒரே ஒரு ஆசையை நிறைவேற்றிக்கொள்ள நினைக்கிற யாராவது இதைப் படித்தால், ஷெல்பி தேடி அலையாதீர்கள். பட்டை ஸ்பீடோமீட்டரும் நாலு நட்டும் உள்ள 65 மாடல் ஒன்றைப் பாருங்கள்.

பார்க்கும்போது பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் வரிவரியாகக் காற்றுத் துளை இருக்கும். அதற்கு அடியில் தகரத்தை மூடி ஸ்பாட் வெல்டிங் செய்திருக்கிறார்கள். உள்பக்கம் பெயின்ட் அடிக்கக் கைபோகாது. சருகு விழுந்து அடைத்து, மழைத் தண்ணீர் தேங்கி, உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துப்போவது இந்த வண்டிக்கு வந்த பரம்பரை வியாதி. தரைத் தகடு அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும். கோவளத்து உப்புக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் பரவும். டிங்கரிங் வேலையில் மிகச் செலவு பிடிப்பதும் இதுதான். முன் முகப்பையே பிரித்தாக வேண்டும். எனவே விற்கிறவர் முன்னாலேயே அந்தத் துளைகளில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். பிறகு கதவைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் விலையைப் பேசலாம்.